லைன் போச்சு, லயம் இருக்கு

ஊட்டி காந்தலில் முதல் மைக் செட் என்னுடையது. ஒயர் நனைந்தால் ஷாக் அடிக்கும் என்று மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மழையில், சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன் நான். அங்கிருந்து கேத்திப் பள்ளத்தாக்கு வரை டிவி கேபிள் இழுத்தவன் நான். காரட் பாத்திக்கு மேலே ஒயர் போகக் கூடாது என்று ஒருவர் கம்பைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தார். அவரோடு உட்கார்ந்து பேசி, டீ குடித்து, அந்தக் கம்பையே அவர் தோட்டத்து ஓரத்தில் அவர் கையாலேயே நட வைத்து, அதன் மேல் கேபிளைக் கட்டினேன். அந்தக் கேபிளில் உள்ளூர்ச் செய்தி ஆரம்பித்தவனும் நான்தான். எந்த ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, எந்தத் தெருவில் காட்டெருமை வந்து நிற்கிறது, யார் வீட்டில் துக்கம், எந்த வார்டில் தண்ணீர் வராது, எல்லாம் என் சேனலைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரியும். கடைசியாக, இந்த மலைக்கென்று ஓர் இசை விழா வேண்டும் என்று சொன்னவனும் நான்.

படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. முட்டைக்கோஸ் ஏற்ற மேட்டுப்பாளையத்திலிருந்து காலியாக வந்த லாரியில் ஏறி மலைக்கு வந்தவன் நான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் உங்களுக்கே புரியும்.

விழாவை எப்போது வைப்பது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் சீசனில் வைக்கலாம் என்றார்கள். கூட்டம் இருக்குமாம். நான்தான் மறுத்தேன். சீசனில் இந்த ஊர் வெளியூர்க்காரர்களுடையது. நம் ஜனங்கள் கடையிலும் லாட்ஜிலும் வண்டியிலும் ஓடிக்கொண்டிருப்பார்கள், உட்கார்ந்து பாட்டுக் கேட்க யாருக்கு நேரம்? டூரிஸ்ட் எல்லாம் இறங்கிப் போன பிறகு வைக்கலாம், மழைக்குத் தகரப் பந்தல் நான் போட்டுத் தருகிறேன் என்றேன். அப்படித்தான் நடக்கிறது. கேத்தியிலிருந்து படகர் ஆட்கள் வந்து ஆடுவார்கள். மார்க்கெட் கடைக்காரர்களின் பஜனைக் குழு பாடும். சர்ச்சிலிருந்து பாடகர் குழு வரும். வெளியூர் வித்வான் ஒருவரைக் கூப்பிடுவோம்.

ஒரு வருஷம் புதிதாக ஒரு குழுவைச் சேர்த்தேன். கூடலூர் பக்கம் ஓவேலியில் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள். அந்த எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குப் பல வருஷமாக என் மைக் செட்தான் போகிறது. ஒரு முறை ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தப்பு அடித்துப் பாடுவதைக் கேட்டேன். கையில் இருந்த ஒயரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதை மேடையில் ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

விழாக் குழுச் செயலாளர் தயங்கினார். அவர் ஒரு பேக்டரியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் தெரிந்தவர், ஸ்ருதி கொஞ்சம் விலகினாலும் முகம் சுளிப்பார்.

“அவங்களுக்கு மேடைப் பழக்கம் இல்லீங்களே. ஸ்ருதிப் பெட்டி கூட இல்லாம எப்படிங்க?” என்றார்.

“பெட்டி இல்லாட்டிப் போச்சுங்க. தொண்டை இருக்குதுல்ல?” என்றேன்.

விழா நாள் காலையில் எஸ்டேட் ஜீப்பில் அந்தப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒரே நிறத்தில் சேலை வாங்கிக் கட்டியிருந்தார்கள். குழுவுக்குத் தலைவி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் வயதான அப்பாவையும் லைனில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கீழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எஸ்டேட்டில் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடுகளை இங்கே லைன் என்போம். ‘எங்க லைனு’, ‘மேல் லைனு’, ‘லைன் ஊடு’ என்றுதான் பேச்சு. மண் சரிவு வந்தால் முதலில் பயப்பட வேண்டிய இடமும் அதுதான். சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டியிருப்பார்கள், பின்சுவருக்கு நேர் மேலே மண் நிற்கும்.

“சின்னதுக்கு நான் மேடை ஏறறதப் பாக்கணும்னு ஒரே ஆசண்ணே. காலையில இருந்தே டிவி முன்னாடி உக்காந்திருக்கும்” என்றாள் அந்தப் பெண். கூடலூர்க் கேபிள்காரர் என் சேனலையும் எடுத்துப் போடுகிறார். அதனால் காந்தல் மேடையை ஓவேலி லைனில் உட்கார்ந்து நேரலையாகப் பார்க்கலாம். இந்த ஏற்பாடும் நான் செய்ததுதான்.

மதியத்துக்கு மேல் பந்தல் நிறைந்துவிட்டது. எங்கள் பக்கம் தூறல்தான். ஆனால் கூடலூர்ப் பக்கம் கறுத்துக் கிடந்தது. வெளியூர் வித்வான் அந்த வருஷம் ஒரு மிருதங்கக்காரர். நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மேடை ஓரத்தில் என் ஆம்ப்ளிஃபயர் சூட்டில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, உங்க மிசின் மட்டும் இல்லேன்னா என் விரலே ஓடாது” என்றார்.

“வாசிக்கறது நீங்க, சூடு என்னுதுங்க” என்றேன்.

அடுத்தது எஸ்டேட் பெண்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு டிவி வைத்திருந்தேன், நேரலை சரியாகப் போகிறதா என்று பார்க்க. அந்தப் பெண்கள் அதன் முன்னால் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் படத்துக்குக் கீழே செய்தி ஓடியது.

‘ஓவேலி அருகே எஸ்டேட்டில் மண் சரிவு. லைன் முழுவதும் போனது.’

அந்தப் பெண் அதை ஒரு முறை படித்தாள். அது ஓடி மறைந்து மறுபடி வந்தபோது வாய்விட்டுப் படித்தாள். பிறகு கையிலிருந்த போனில் வீட்டுக்குக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மற்ற பெண்களும் ஆளுக்கொரு போனை எடுத்துக் கூப்பிட்டார்கள். எல்லாப் போனும் ஒரே பதிலைத்தான் சொன்னது. ஒருத்தி சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஜீப்பை எடுக்கச் சொல்லுங்கண்ணே. நாங்க போறோம்” என்றாள் தலைவி. குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜீப் டிரைவர் கையைப் பிசைந்தார். “வழியில நடுவட்டத்துல மிஸ்டு எறங்கிருச்சாம்மா, ஒரே மூடுபனி. கைக்கெட்டற தூரத்து வண்டி தெரியாது. கிளம்பினாலும் பாதியில நிக்கணும்.”

நான் என் சேனலுக்குப் போன் போட்டேன். சேனல் என்றால் என் வீட்டு முன் ரூம்தான். செய்தி எழுதுவது, வாசிப்பது, கீழே ஓட்டுவது எல்லாம் ஒரே பெண். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுத்து வந்தவள். வேலையில் கெட்டிக்காரி.

“அம்மணி, ஓவேலில என்ன லைனு போச்சு?”

“கரண்டு லைனுதானுங்கய்யா. வேற எந்த லைனு?”

“அப்படீன்னு சொன்னாங்களா?”

“வாட்ஸப்புல பேசி அனுப்பினாருங்க, அங்க டீக்கடை வெச்சிருக்கறவரு. ‘அக்கா, மண்ணு சரிஞ்சிருச்சு, லைனு மொத்தமாப் போச்சு’ன்னாரு. அதுக்கப்புறம் அவரு போன் எடுக்கல. ஏனுங்கய்யா?”

அவளைத் தப்புச் சொல்ல முடியாது. அவள் ஊரில் லைன் போச்சு என்றால் கரண்ட் போச்சு, அவ்வளவுதான். மனிதர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. நான் விளக்கிச் சொன்னதும் பதறிவிட்டாள். “ஐயோ, எடுத்தர்றனுங்க” என்று மட்டும் கேட்டது. டிவியில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து நின்றது.

ஆனால் எழுத்தை நிறுத்தினால் பயம் நின்றுவிடுமா? டீக்கடைக்காரர் எந்த லைனைச் சொன்னார்? அவரும் ஓவேலிக்காரர்தான். அவர் வாயில் லைன் என்றால் இரண்டும்தான். நான் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த தலைவி என்னிடம் வந்து நின்று, “கரண்டாத்தானே இருக்கும்ணே?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஒரு தாயை ஏமாற்றக் கூடாது.

செயலாளர் அருகில் வந்தார். “வேற குழுவை ஏத்திடலாமுங்களா? ஜனங்க பொறுமையா இருக்க மாட்டாங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பந்தலில் கூச்சல் கிளம்பிவிடுமோ என்ற கவலை அவருக்கு.

“இருக்கட்டுங்க. மைக் என்னுது. இவங்க சேதி தெரியற வரைக்கும் யாரும் பாட வேண்டாம்” என்றேன். மிருதங்கக்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். “எங்க ஊர்ல கடலுக்குப் போன படகு திரும்பலேன்னா இப்படித்தான் நிப்போம். அப்ப எவனும் கச்சேரி கேக்க மாட்டான்” என்று செயலாளரிடம் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அந்த நம்பர் ஞாபகம் வந்தது. அந்த எஸ்டேட்டின் டீ பேக்டரியில் பழைய தரைவழி போன் ஒன்று இன்னும் இருக்கிறது. அங்கே டவர் எப்போதும் நொண்டி, அதனால் வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் அது பேசும். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் வேண்டும் என்று எனக்கு வருஷா வருஷம் அழைப்பு வருவது அந்தப் போனிலிருந்துதான். என் செல்போனில் அதை நான் ஏற்றி வைத்ததே இல்லை. என் தொழில் நம்பர்கள் எல்லாம் என் தலைக்குள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஏறாத தலை, நம்பர் என்றால் விடாது.

போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அதற்குள் பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நெருக்கிவிட்டார்கள்.

“ஸ்பீக்கர்ல போடுங்கண்ணே” என்றாள் ஒருத்தி. போட்டேன். பந்தல் இரைச்சலில், தகரத்தில் விழும் தூறலில், பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது போலிருந்தது. நான் மேடை மைக்கைப் பார்த்தேன்.

செயலாளர் என் கையைப் பிடித்தார். “ஏனுங்க, வேண்டாமுங்க. நல்ல சேதியோ கெட்ட சேதியோ தெரியாம ஊரு பூரா கேக்கறாப்பல…”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

“மைக்குல வைங்கண்ணே” என்றாள் அவள். “எதுவா இருந்தாலும் எல்லாரும் ஒண்ணாவே கேட்டுக்கறோம். ஒருத்தி காதுல வாங்கி இன்னொருத்திக்குச் சொல்ற சேதி இல்ல இது.”

போனை மைக்கில் வைத்தேன். என் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளிலும் எங்கோ ஓவேலியில் அடிக்கும் மணி பந்தல் முழுக்கக் கேட்டது. பேசிக்கொண்டிருந்த ஜனங்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். கடலை விற்பவர் கூடத் தட்டுவதை நிறுத்தினார்.

மணி நின்றது. யாரோ எடுத்தார்கள்.

“ஹலோ, யாரு கதைக்கிறது?”

வாட்ச்மேன். வயதானவர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் குரல் எனக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“நான் மைக் செட்டுக்காரனுங்க, ஊட்டியில இருந்து. அங்க லைன் போச்சுன்னு சொல்றாங்களே?”

“ஓம் ஐயா, போச்சு! மண்ணு சரிஞ்சு லைன் அடியோட போச்சு. ஒண்ணும் மிச்சமில்ல!”

பந்தலில் ஒரே நேரத்தில் அத்தனை பேரும் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. கீழே உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவி அசையவில்லை. நான் போனை மைக்கோடு அழுத்திப் பிடித்தேன்.

நான் கத்தினேன். “எந்த லைனுங்க? கரண்டா, ஊடா?”

“ஊடா? ஊடுன்னா… லயமா ஐயா?” கிழவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார், நான்கு பெட்டியிலும் கேட்டது. “லயத்துக்கு என்ன வந்துச்சு? லயம் நல்லா இருக்கு ஐயா! லயத்துல ஒரு ஓடு கூட அசையல. மரம் விழுந்து கரண்டு லைன்தான் போச்சு. போஸ்டு நாலும் ஆத்துக்குள்ள கிடக்கு.”

சிலோனிலிருந்து வந்த பெரியவர்கள் வரிசை வீட்டை லைன் என்று சொல்வதில்லை. லயம் என்பார்கள். அவர்கள் பிள்ளைகள் இங்கே வந்து லைன் என்று பழகிவிட்டார்கள். பழைய வாய் பழைய வார்த்தையை விடாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

தலைவி அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்து சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவள், “அழறியாடி, சிரிக்கிறியாடி?” என்று கேட்டு அவளும் அதையே செய்தாள்.

செயலாளருக்கு மட்டும் புரியவில்லை. அவருக்குத் தெரிந்த லயம் தாளத்தோடு போகும் லயம்தான்.

“லயம் நல்லா இருக்குன்னு சொல்றாரே? அவங்க இன்னும் பாடவே இல்லீங்களே!” என்றார். மைக் பக்கத்தில் நின்று சொன்னதால் பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது. விளங்கியவர்கள் சிரிக்க, விளங்காதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மிருதங்கக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருஷமா வாசிக்கறேன், ஒருத்தரும் போன்ல கூப்பிட்டு லயம் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. இவங்களுக்குப் பாடறதுக்கு முந்தியே கிடைச்சிருச்சே!”

தலைவி எழுந்து வந்து போனருகே குனிந்தாள். “மாமா, எங்கப்பா எங்க?”

“உங்கப்பனா? இங்கதான், பேக்டரியில. என் தேத்தண்ணியைப் புடுங்கிக் குடிச்சிட்டு நிக்குறான். உன் புள்ளைங்க லயத்துக் காம்பராவுல இருக்க மாட்டோம்னு அழுதுச்சுங்களாம், கூட்டிட்டு வந்திருக்கான். அம்மா டிவியில வர்ற நேரம் கரண்டு போச்சாம். என்னையப் போய் கம்பத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்றாளுவ.”

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது, வேறு யாருக்கும் இல்லை. எழுதுகிறபோதே சொல்லிவிடுகிறேன்.

“ஐயா, போனை வெச்சராதீங்க. பிள்ளைகளைப் பக்கத்துல நிறுத்துங்க” என்றேன். போனை மைக்கிலிருந்து எடுத்து, மேடைப் பெட்டிக்கு எதிரே ஒரு ஸ்டூலில் வைத்தேன். அந்தப் பெண்ணிடம், “பாடும்மா. டிவியில இல்லாட்டிப் போகுது, போன்ல கேக்கட்டும்” என்றேன்.

பாடினார்கள். முதல் பாட்டில் தலைவியின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. செயலாளர் முகம் சுளிக்கவில்லை, நான் பார்த்தேன். கொழுந்து பறிக்கும் கை வேகத்துக்கு ஏற்ற பாட்டு அது. தப்பு ஏறி ஏறி வந்தபோது மிருதங்கக்காரரால் உட்கார முடியவில்லை. ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, கூப்பிடாமலே மேடையேறி அவர்களோடு சேர்ந்து வாசித்தார். கேத்தி ஆட்கள் பந்தல் ஓரத்தில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் எத்தனையோ மேடைக்கு ஒலி போட்டிருக்கிறேன். அத்தனை பேர் ஒன்றாக நெஞ்சு லேசாகி உட்கார்ந்திருந்த பந்தலை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து போனை எடுத்தாள். சின்ன மகள் பேசினாள்.

“அம்மா, நீ யாரையோ திட்டற மாதிரியே கேட்டுச்சு.”

“வந்து வெச்சுக்கறேன்டி உன்னை” என்று சொல்லிவிட்டு அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். என் போன்தான். கொஞ்ச நேரம் நான் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் மிஸ்டு விலகியதும் ஜீப்பில் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு என் சேனலில் ஒரு சட்டம் போட்டேன். ‘லைன்’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. ‘கரண்டு லைன்’ அல்லது ‘லைன் வீடு’. இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அன்றைக்கு மாலை என் சேனலிலேயே செய்தி வந்தது. ‘ஓவேலி நிலவரம் குறித்து விழாக் குழுவினர் உடனடியாக விசாரித்து அறிவித்தனர். இசை விழா இனிதே நடந்தது.’ அவ்வளவுதான். விழாக் குழுவினராம்! எழுதியது யார்? அந்த எடிட்டர் அம்மணியேதான். ஏன் என்று கேட்டால், “உங்க சேனல்ல உங்க பேரையே போட்டா நல்லா இருக்காதுங்கய்யா” என்கிறாள். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெண்கள் மேடையேறியதும் வாட்ச்மேன் ஐயாவுக்கு நன்றி சொல்கிறார்கள். சொல்லட்டும், அவருக்குத் தகும். ஆனால் அவர் போன் நம்பர் யார் தலையில் இருந்தது? போனை மைக்கில் வைத்த கை யாருடையது? அழைப்பிதழில் பொன்னாடை போடுபவர் பெயரெல்லாம் இருக்கிறது. என் பங்குக்கு ‘ஒலி, ஒளி: உள்ளூர் மைக் செட்’ என்று அடியில் ஒரு வரி. அதுவும் மடிப்பில் போய்விடுகிறது.

ஆகவே விழாக் குழுவுக்கு எழுத்திலேயே சொல்கிறேன். அடுத்த விழாவில் அந்தப் பெண்கள் பாடுவதற்கு முன்னால், அன்றைக்கு நடந்ததை மேடையில் முழுதாகச் சொல்ல வேண்டும். போன் போட்டவன் நான், மைக்கில் வைத்தவன் நான், பிள்ளைகளைப் பாட்டுக் கேட்க வைத்தவன் நான் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். அழைப்பிதழிலும் போட வேண்டும், மடிப்பில் விழாத இடத்தில். இனிஷியலைத் தப்பில்லாமல் போடுங்கள்.